பக்கத்து வீட்டு உப்பு

புறநானூற்றின் 159ஆம் பாட்டை ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசில் கேட்டுப் பாடியது. பாடாண் திணை, பரிசில் கடாநிலைத் துறை. புலவரின் வீட்டில் கோலூன்றி நடக்கும் தாய் இருக்கிறாள். முற்றம் வரைகூட அவளால் வர முடியாது. மனைவியின் உடல் வாடிக் கிடக்கிறது. பிள்ளைகள் பிசைந்து பிசைந்து மார்பில் பால் வற்றிவிட்டது. அவள் குப்பைமேட்டுக் கீரையில், முன்பு கொய்த இடத்தில் மறுபடி துளிர்த்த இளந்தளிரைப் பறித்து வருகிறாள். உப்பில்லாமல் வெறும் நீரில் வேகவைக்கிறாள். மோரும் இல்லை. சோறு என்பதே மறந்துபோயிற்று. அந்தக் கீரையை மட்டும் தின்கிறாள், அறத்தைப் பழிக்கிறாள். வறுமையின் உச்சம் இது என்று குரல் தழுதழுக்கச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவதுதான் பல ஆண்டுகளாக என் வழக்கம்.

ஒரு நாள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அம்மா, உப்பு இல்லன்னா பக்கத்து வீட்டுல கேட்டு வாங்க வேண்டியதுதான? எங்கம்மா அப்படித்தான் வாங்கும்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் உறைத்தது. இத்தனை ஆண்டுப் படிப்பில் இந்தப் பாட்டைப் பற்றி நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. எனக்கு அது கவிதை. அவளுக்கு அது ஒரு சமையல். சமையல் தெரிந்தவளுக்கு மட்டுமே அந்தப் பாட்டில் ஓர் ஓட்டை தெரிந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த ஓட்டை வழியாகப் பார்க்கும் முயற்சி.

எங்கள் ஊர் சின்னமனூர். 1895இல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் இறங்கி வந்து நனைக்கும் பள்ளத்தாக்கு. நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் கணக்கில் ஏறும் பயிர்கள். கணக்கில் ஏறாதது கீரை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் வரப்பில் முளைத்த பொன்னாங்கண்ணியையும் குப்பைக்கீரையையும் பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் மணத்தக்காளியையும் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். பகல் கூலி கையில், இரவுக் குழம்பு மடியில். என் அம்மாவும் அப்படி வந்தவள்தான். எது எந்த மாதத்தில் கசக்கும், எது முற்றினால் நாராகும், எதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எங்கும் எழுதிவைக்கப்படாத பாடம் அது.

இந்த ஊரின் பெயர் தமிழ் ஆய்வாளர்களுக்கு வேறொரு காரணத்துக்காகத் தெரியும். பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் குறிப்பிடும் சின்னமனூர்ச் செப்பேடுகள் இங்கே கிடைத்தவை. சங்கம் இருந்தது என்பதற்குச் சான்று தேடுபவர்கள் எல்லோரும் அதை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அது அடிப்படையில் ஒரு நிலக்கொடை ஆவணம். நிலத்தை யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைச் செம்பில் வெட்டிவைத்தார்கள். அந்த நிலத்தின் வரப்பில் யார் கீரை கிள்ளினார்கள் என்பதை எழுதச் செம்பு தேவைப்படவில்லை. சங்கத்துக்குச் சான்று சொல்லும் ஊரில் பிறந்தவள் என்ற பெருமை எனக்கும் உண்டு. அதே சங்கப் பாட்டில் குப்பைமேட்டில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு யார் சான்று சொல்வது என்பதுதான் என் கவலை.

இனி உப்புக்கு வருகிறேன். கீரைக்கு உப்பு எப்போது போடுவது என்பது சமையலில் சின்ன விஷயம்போலத் தோன்றும். "உப்ப முன்னாடியே போட்டுறாத தாயி. பச்சையில மலையாத் தெரியும், வெந்தா ஒரு கைப்பிடிதான்" என்பாள் அம்மா. கீரை சுருங்கிய பிறகுதான் அளவு தெரியும். அதற்குப் பிறகுதான் உப்பு. கீரையின் கசப்பை அடக்குவதும் உப்புதான். ஆகவே உப்பில்லாமல் வெந்த கீரை, கடைசிப் படியில் நின்றுபோன சமையல். அந்தப் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியும். கொய்த இடத்திலேயே மறுபடி கொய்யும்போது முற்றாத தளிராகப் பார்த்து எடுக்கத் தெரிந்திருக்கிறது. கடைசியில் போட வேண்டிய ஒன்றுதான் அவளிடம் இல்லை.

அது ஏன் இல்லை? கீரை குப்பைமேட்டில் முளைக்கும். தண்ணீர் ஊருணியில் கிடைக்கும். விறகைப் பொறுக்கிவிடலாம். உப்பு மட்டும் கடலிலிருந்து வர வேண்டும். உமணர்கள் வண்டி கட்டி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிய சரக்கு அது என்பதைச் சங்கப் பாட்டுகளே சொல்கின்றன. நெல் இல்லாதவளுக்கு உப்பு இல்லை. மாடு இல்லாதவளுக்கு மோர் இல்லை. புலவர் அடுக்கிச் சொல்லும் இல்லாமைகள் ஒவ்வொன்றும், விலை கொடுத்தோ உடைமையாக வைத்திருந்தோ மட்டுமே பெறக்கூடிய பொருளைக் குறிக்கின்றன. இருப்பதாகச் சொல்லப்படும் ஒரே பொருள் அவள் கையால் வந்தது. அந்தக் கையைப் பற்றி நாம் பேசுவதில்லை. இல்லாமைகளின் பட்டியலை மட்டும் தேர்வுக்குக் கேட்கிறோம்.

இப்போது மாணவியின் கேள்வி. ஏன் அவள் பக்கத்து வீட்டில் கேட்கவில்லை? விடை அதே புலவரிடம், நான்கு பாட்டு தள்ளி, 163ஆம் பாட்டில் இருக்கிறது. குமணன் கொடுத்த செல்வத்தோடு வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் மனைவியிடம் பேசும் பாட்டு அது. உன்னை விரும்பி வாழ்பவர்களுக்குக் கொடு, நீ விரும்புகிறவர்களுக்குக் கொடு, உன் உறவுப் பெண்களுக்குக் கொடு, என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே, சேர்த்துவைத்து வாழ்வோம் என்றும் எண்ணாதே, எல்லோருக்கும் கொடு என்கிறார். கொடைப் பண்புக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிப் பாடநூல் வரை போன பாட்டு. நடுவில் ஒரு குறிப்பு வருகிறது: சுற்றத்தின் கொடும்பசி தீர உனக்கு நெடுநாளாகக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும் கொடு.

குறியெதிர்ப்பை என்றால், வாங்கிய அளவையே திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கும் கைமாற்று. ஒரு நாழி வாங்கினால் ஒரு நாழி. அப்படியானால் அவள் கேட்டிருக்கிறாள். ஒரு நாள் இரு நாள் இல்லை, நெடுநாள் கேட்டிருக்கிறாள். அவர்களும் கொடுத்திருக்கிறார்கள். புலவர் வள்ளலைத் தேடி மலை மலையாக நடந்துகொண்டிருந்தபோது அந்தக் குடும்பத்தை உயிரோடு வைத்திருந்தது குமணனின் யானை இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களின் நாழிதான். திருப்பித் தர முடியாத கடன் ஏறிப்போய், இனி எந்த முகத்தோடு போய் நிற்பது என்ற நிலை வந்த பிறகுதான் உப்பில்லாத கீரை வெந்திருக்க வேண்டும். இரண்டு பாட்டையும் சேர்த்து வைத்து நான் செய்யும் ஊகம் இது.

இந்தப் பெண்கள் 159இல் ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. இருந்தால் பரிசில் பாட்டு நடக்காது. வள்ளலுக்கு முன்னால் வைக்கும் விண்ணப்பத்தில் மனைவி தனியாக இருக்க வேண்டும். அக்கம்பக்கம் உதவுகிறது என்று சொன்னால் வள்ளலின் கை இறங்காது. ஆகவே கேட்கும்போது மறைக்கப்பட்டவர்கள், கிடைத்த பிறகு நினைவுக்கு வருகிறார்கள். இதற்காகப் பெருஞ்சித்திரனாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. நினைவு வைத்துக் கடனை அடைக்கச் சொன்ன மனிதர் அவர். கணவனைக் கேட்காமல் கொடு என்று மனைவியிடம் சொன்ன குரல் நம் இலக்கியத்தில் அடிக்கடி கேட்பதும் இல்லை. என் குறை நம் வாசிப்பின் மீதுதான். மேலிருந்து வரும் கொடைக்கு நாம் திணையும் துறையும் வகுத்திருக்கிறோம். பக்கவாட்டில் பெண்களிடையே நடக்கும் கைமாற்றுக்குத் துறை கிடையாது. அது அருஞ்சொற்பொருளில் ஒரு சொல்லாக முடிந்துவிடுகிறது.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையிலும் ஒரு கீரைச் சட்டி உண்டு. சுவர் இடிந்து, கறையான் அரித்து, காளான் பூத்த அடுக்களை. ஈன்ற நாய், கண் திறக்காத குட்டிகள் பால் குடிப்பதைத் தாங்காமல் குரைக்கிறது. பாணர் வீட்டுப் பெண் நகத்தால் கிள்ளி வந்த குப்பை வேளையை உப்பில்லாமல் வேகவைத்து, மற்றவர் பார்த்துவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உட்கார்ந்து உண்கிறாள். நல்லியக்கோடனிடம் போவதற்கு முன்னால் இருந்த நிலை இது என்று நூல் சொல்கிறது. இங்கேயும் சமையல் வள்ளலின் பெருமைக்கு முன்குறிப்புதான். ஆனால் கதவுக்குள்ளே நடப்பதைக் கவனியுங்கள். இருப்பதே ஒரு பிடி கீரை, பெரிய சுற்றம், எல்லோரும் சேர்ந்து உண்கிறார்கள். பங்கிட்டவள் யார்? அவளுக்கு என்ன மிஞ்சியது? பாட்டு சொல்லவில்லை. கூட்டுக் குடும்பத்தில் கடைசியில் சட்டியை வழித்த எந்தப் பெண்ணுக்கும் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கதவை என் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். மதிய உணவு நேரத்தில் சில பிள்ளைகள் டிபன் பாக்ஸின் மூடியை முழுக்கத் திறப்பதில்லை. ஒரு பக்கம் தூக்கி, உள்ளே கை விட்டுச் சாப்பிடுவார்கள். உள்ளே பெரும்பாலும் சோறும் வரப்புக் கீரையும் இருக்கும். சந்தையில் கட்டு வாங்கிய கீரைக்கு அந்த மூடி தேவைப்படுவதில்லை.

வேளை என்ற செடி புறநானூற்றில் இன்னும் இரண்டு இடங்களில் எனக்கு முக்கியம். வெண்பூப் பூக்கும் இதை நல்வேளை, தைவேளை என்ற பெயர்களோடு பொருத்துவது வழக்கம். கோப்பெருஞ்சோழன் பாடிய 215ஆம் பாட்டில், எருப்பொடி பரந்த தெருவில் பூத்த வேளைப் பூவைத் தயிரோடு சேர்த்து ஆயர்மகள் புளிங்கூழ் சமைக்கிறாள். வரகுச் சோற்றோடு அதை அவரை பறிக்கும் ஆட்கள் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். பிசிராந்தையாரின் நாடு எப்படிப்பட்டது என்று நண்பன் சொல்லும் பாட்டு அது. அங்கே வேளை ஒரு நிறைவு. அதே தொகுப்பில், பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடிய 246இல், அதே வேளை தண்டனையாகிறது. நெய் தொடாத, கையால் பிழிந்த சோற்று உருண்டை. வெள்ளெள் துவையலும் புளியும் சேர்த்து வெந்த வேளை. பாயில்லாமல் பரல் கல்மீது படுக்கை. இது கைம்பெண்ணுக்கு விதித்த வாழ்க்கை. இப்படி வாழும் பெண் நான் இல்லை என்று, தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் சொல்லிவிட்டு அவள் தீயை நோக்கிப் போகிறாள்.

இந்தப் பாட்டைக் கற்புக்குச் சான்றாக நடத்துவது எளிது. நான் அதை ஒரு சமையல் குறிப்பாக வாசிக்கச் சொல்கிறேன். அரசியான ஒரு பெண்ணுக்குக் கைம்பெண் உணவின் பக்குவம் இவ்வளவு நுட்பமாக எப்படித் தெரியும்? எள் எந்த நிறம், புளி உண்டா, நெய் உண்டா என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அரண்மனையில் அதைத் தின்ற பெண்களை அவள் பார்த்திருக்க வேண்டும். அவள் மறுப்பது கீரையை இல்லை. பெயரும் பாயும் நெய்யும் பறித்துவிட்டு, உயிரை மட்டும் மிச்சம் வைத்து, அதைத் தவம் என்று சொல்லும் ஏற்பாட்டை மறுக்கிறாள். அதற்கு அவளிடம் இருந்த மாற்று நெருப்பு மட்டும்தான் என்பது நம்மை உறங்கவிடாமல் செய்ய வேண்டிய செய்தி. பெருமைப்படுத்த வேண்டிய செய்தி இல்லை.

ஒரே செடி மூன்று வீடுகளில் விருந்தாகவும் வெட்கமாகவும் தண்டனையாகவும் இருக்கிறது. செடி மாறவில்லை. கூடச் சேர்க்கத் தயிர் இருந்ததா, உப்பு இருந்ததா, அதைத் தின்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தது யார் என்பது மாறியது.

இதே கேள்விகள் உலகின் மறுபக்கத்தில் இன்னொரு கீரைச் சட்டியைச் சுற்றியும் எழுந்திருக்கின்றன. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் சமையலுக்கு 1960களில் 'சோல் ஃபுட்' என்ற பெயர் பரவியது. ஆன்ம உணவு என்று சொல்லலாம். அதன் நடுநாயகம் காலர்ட் கீரை. முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்தது, ஆனால் உருண்டை கட்டாது. அகன்ற தடித்த இலையின் நடுநரம்பை உருவி, மண் போகப் பல தண்ணீர் அலசி, சுருட்டி நறுக்கி, புகையூட்டிய பன்றிக்கறித் துண்டோடும் மிளகாயோடும் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். செடி ஐரோப்பாவிலிருந்து வந்தது. கீரையை இப்படி நிதானமாக வேகவைத்துச் சாறோடு உண்ணும் பழக்கத்தில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்களின் கை இருக்கிறது. ஆப்பிரிக்காவின் கீரை மரபு பெரியது. நம் நல்வேளைகூடக் கென்யாவில் இன்றும் வீட்டுக் கீரைதான். கசப்பு அடங்கப் பால் சேர்த்துச் சமைக்கிறார்கள். 215ஆம் பாட்டின் ஆயர்மகளுக்கு அந்தப் பக்குவம் அந்நியமாக இருந்திருக்காது.

எசமானர் வீட்டில் கழித்துக்கட்டிய கறித்துண்டும் கீரை வெந்த தண்ணீரும் அடிமைகளின் பங்கு. சத்தெல்லாம் இறங்கிய அந்தத் தண்ணீரில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பின்னாளில் அதே தண்ணீர் தென்மாநிலப் பெருமையானது. 1931இல் லூசியானா ஆளுநர் ஹியூயி லாங்கும் அட்லாண்டாவின் ஒரு நாளிதழ் ஆசிரியரும், கீரைச் சாற்றில் சோள ரொட்டியைத் தோய்த்துத் தின்பதா நொறுக்கிப் போட்டுத் தின்பதா என்று பத்திரிகையில் வேடிக்கையாக வாதிட்டார்கள். ஊரே கலந்துகொண்டது. சாற்றை வடித்தவள் யார் என்பது அந்த விவாதத்தின் பொருளே இல்லை. அவள் பேச இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1970இல் வெர்டமே ஸ்மார்ட் குரோவ்னர், நான் அளந்து சமைப்பதில்லை, அதிர்வைக் கேட்டுச் சமைக்கிறேன் என்ற நிலையிலிருந்து தன் சமையல் நூலைத் தன்வரலாறாகவே எழுதினார். விடுதலையடைந்த அடிமைகள் உருவாக்கிய ஃப்ரீடவுன் என்னும் ஊரில் பிறந்த எட்னா லூயிஸ், 1976இல் அந்த ஊரின் பருவங்களையும் சமையலையும் ஒரே நூலில் பதிவு செய்தார்.

இவர்கள் எனக்கு முக்கியமானவர்கள், ஏனென்றால் நம்மிடம் 'கைப்பக்குவம்' என்றொரு சொல் இருக்கிறது. பாராட்டுச் சொல்தான். ஆனால் அது அறிவைக் கையோடு நிறுத்திவிடுகிறது. வைத்தியன் மூலிகை பறித்தால் அது மருத்துவம். அம்மா கீரை கிள்ளினால் அது கைப்பக்குவம். போதாக்குறைக்குக் 'கிள்ளுக்கீரை' என்றும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். யாரும் மதிக்காமல் கிள்ளி எறியக்கூடிய அற்பம் என்று பொருள். உண்மையில் கிள்ளக் கிள்ளத் துளிர்ப்பதால்தான் அது கிள்ளுக்கீரை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆன்ம உணவு, பாரம்பரிய உணவு என்று பெயர் மாற்றிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடாது. மேலிருந்து விழும் மிச்சமும் பக்கத்து வீட்டுக் கைமாற்றும் ஒன்றல்ல. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' நூலில், நாயக்கர் வீடுகளில் நாள் முழுக்க வேலை செய்த பாட்டி, அவர்கள் தொடாமல் தூக்கி ஊற்றும் மிச்சத்தை வாங்கி வருகிறாள். குறியெதிர்ப்பையைத் திருப்பித் தரலாம். திருப்பித் தந்ததும் இருவரும் சமம். மிச்சத்தைத் திருப்பித் தரவே முடியாது. அது கொடுப்பவரை என்றைக்கும் மேலேயே வைத்திருக்கும். பக்கத்து வீடு என்பதற்கும் எல்லை உண்டு. என் மாணவியின் அம்மா உப்புக் கேட்டுப் போகக்கூடிய வீடுகள் எந்தத் தெருவில் முடிகின்றன என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வரப்பும் அப்படியே. கீரை யாருக்கும் சொந்தமில்லாமல் முளைத்தாலும் வரப்புக்குச் சொந்தக்காரர் உண்டு. அவர் முகம் சுளித்தால் மடி அவிழ வேண்டும். இப்போது களைக்கொல்லி அடிக்கிறார்கள். களையெடுக்கும் கூலியும் போயிற்று, மடியில் வந்த குழம்பும் போயிற்று. அதே கீரை நகரத்து உணவகத்தில் இயற்கை உணவாக மண்சட்டியில் வரும்போது, எனக்கு அந்த இரண்டு இழப்பும் நினைவுக்கு வருகின்றன.

இப்போது 159ஐ நடத்தும்போது 163ஐயும் சேர்த்தே நடத்துகிறேன். குறியெதிர்ப்பை என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, உங்கள் வீட்டில் கடைசியாக என்ன கைமாற்று வாங்கினீர்கள், யாரிடம் வாங்கினீர்கள், திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று கேட்கிறேன். முதலில் யாரும் வாய் திறப்பதில்லை. ஒருத்தி காப்பித்தூள் என்பாள். இன்னொருத்தி அரைப்படி அரிசி என்பாள். விளக்கு வைத்த பிறகு உப்புக் கொடுக்க மாட்டார்கள் என்று ஒருத்தி சொல்ல, எங்க தெருவில் கொடுப்பார்கள், பேர் சொல்லாமல் கேட்க வேண்டும் என்று இன்னொருத்தி திருத்துவாள். கரும்பலகை நிறைந்துவிடும். பெருஞ்சித்திரனாரின் மனைவிக்கு நாழி கொடுத்த பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. கரும்பலகையில் இருக்கும் பெயர்களையாவது நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

கேள்வி கேட்ட அந்த மாணவி அந்த ஆண்டுத் தேர்வில், இந்தப் பாட்டின் மையப்பொருள் வறுமை என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். விடைத்தாளைத் திருத்தியவள் நான்தான்.